தணிகை மீட்டவர் நம்மவர் அல்லரா?

திருத்தணிகை தமிழ்நாட்டில் இருப்பது, அதன் மலை அங்கு நிற்பது போன்றே இயல்பாக அமைந்ததொன்று என்று நம் இளைஞர் கருதுகின்றனர். 1953 அக்தோபர் முதல்நாள் தொடங்கி 1960 மார்ச்சு இறுதிநாள் வரை, ஆறரை ஆண்டுக்காலம், இவ்வூர் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தின் ஓர் ஊராக இருந்ததென்று வகுப்பில் யான் சொன்னபோது, மேல்நிலை வகுப்பு மாணாக்கர் நாற்பதின்மருள் ஒருவர்க்கும் அச் செய்தி தெரிந்திருக்கவில்லை. அவர்களிடம் குற்றமில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.

அவ் ஆறரை ஆண்டை முடிவுக்குக் கொணர்ந்த போராட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் ம.பொ.சிவஞானனார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர். பன்முறை சிறை சென்றவர். முடிவில் தமிழ்நாட்டுச் சட்டமன்ற மேலவையின் தலைவராய் அமர்ந்து, அம் மேலவை கலைக்கப்பட்ட நாளில் அப் பணியினின்று நீங்கியவர். 1995 அக்தோபர் 3-ஆம் நாள் தம் 89-ஆம் அகவையில் மறைந்தார்.

இவர் பெயரை எடுத்தவுடன் நம் அன்பருள் சிலர் முகஞ்சுளிப்பதை யான் கண்டிருக்கிறேன். "அவர் தனித்தமிழர் அல்லர், இராசாசியின் ஆள், பேராயக் கட்சிக்காரர், திராவிட இயக்கத்தை எதிர்த்தவர்" என்பர். இவற்றுட் சில உண்மை. ஆயினும், தம் கொள்கையோடு முற்றும் ஒத்தவரை மட்டுமே நினைவுகூர்வோம் என்னும் இயக்கம், தன் நினைவேட்டில் எத்தனை பக்கங்களை வெறுமையாக விட வேண்டியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இக் கட்டுரை அதன் பொருட்டே எழுதப்படுகின்றது.

1906 சூன் 26-ஆம் நாள் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியைச் சேர்ந்த சால்வன்குப்பத்தில் பிறந்தவர். தந்தையார் பொன்னுசாமிக் கிராமணியார், தாயார் சிவகாமியம்மையார். பெற்றோர் இட்ட பெயர் ஞானப்பிரகாசம். முதியவர் ஒருவர் அதனை மாற்றிச் சிவஞானி என வழங்க, அதுவே சிறிது திரிந்து சிவஞானம் என நிலைத்தது. (இரண்டும் தூய தமிழ்ப்பெயர் அல்ல என்று நம்மவர் ஒருவர் என்னிடம் குறை சொன்னார். பெயர் அவர் இட்டுக்கொண்டதன்று. அம் முதியவரிடம் போய்த்தான் வழக்காட வேண்டும்.) வறுமை அவரைப் பள்ளியினின்று வெளியேற்றியது. நெசவு முதலிய கைத்தொழில்கள் செய்தார். பின்னர், மருத்துவர் வரதராசுலு நடத்திய 'தமிழ்நாடு' இதழின் அச்சுக்கூடத்தில் அச்சுக்கோப்பாளராக அமர்ந்தார்.

அச்சுக்கோக்கும் தொழிலை இற்றை இளைஞர் கண்டிரார். சாய்ந்த மரப்பெட்டியில் நூற்றுக்கணக்கான சிற்றறைகள். ஒவ்வோர் அறையிலும் ஓர் ஈய எழுத்து. எழுத்தின் முகம் கண்ணாடியில் தெரிவது போல் இடவலம் மாறியிருக்கும். கோப்பவர் அதனை அப்படியே படித்து, கையிலுள்ள கோலில் வரிவரியாக அடுக்கல் வேண்டும். தமிழெழுத்தோ உயிர்மெய் பெருகியது. அறைகளும் அதற்கேற்பப் பல. ஒரு நாளைக்கு எத்தனையோ பக்கங்கள் ஒருவன் விரல்வழியே செல்லும். எழுத்தெழுத்தாகத் தொட்டுத் தமிழைக் கற்ற அவரைப் போன்றோரை, யாப்பும் அணியும் தேர்ந்து பட்டம் பெற்ற எம் போன்றோர் தாழ்த்தி எண்ணிய காலம் ஒன்று இருந்தது. புலவர் கூட்டத்தில் அவரை 'படியாதவர்' என்று ஒதுக்கியோரும் உண்டு. அப் படியாதவர்தாம், 1942 ஆகத்துக் கிளர்ச்சியில் தளைப்பட்டு விதர்ப்ப நாட்டு அமராவதிச் சிறையில் கிடந்தபோது, தாளாத வயிற்றுநோயோடு சிலப்பதிகாரத்தை ஆழ்ந்து கற்று வெளிவந்து, அதனைத் தெருமுனை மேடைகளில் பொதுமக்கட்குச் சொன்னவர். 1950-இல் சென்னையில் சிலப்பதிகார மாநாடு கூட்டினார். 'சிலம்புச் செல்வர்' என்னும் பட்டத்தைச் சொல்லின் செல்வர் இரா.பி.சேதுப்பிள்ளையே அவர்க்கு வழங்கினார். கல்லூரியில் தமிழ் பயின்ற எமக்கு அது சிறிது உறைக்கத்தான் செய்கிறது, உறைக்கட்டும்.

அவர் இளங்கோவடிகளிடம் எடுத்துக்கொண்டது இலக்கியச் சுவையை மட்டுமன்று. சேர சோழ பாண்டியர் மூவர் நாட்டையும் ஒரே காப்பியத்துள் அமைத்த அம் முனிவரின் நோக்கத்திலிருந்தே 'தமிழர்க்கு ஓர் அரசு' என்னும் எண்ணத்தை அவர் வளர்த்தார். 1946 நவம்பர் 21-ஆம் நாள் தமிழரசுக் கழகம் தோன்றிற்று. வில்லும் புலியும் கயலும் அதன் கொடியில் இடம்பெற்றன. அக்காலத்தில் சென்னை மாகாணம் என்பது தமிழரும் தெலுங்கரும் மலையாளியரும் கன்னடரும் ஒன்றாய்க் கட்டப்பட்ட மூட்டை. வெள்ளையர் தம் ஆட்சி எளிமைக்குக் கட்டிய மூட்டையை, விடுதலைக்குப் பின்னும் அவிழ்க்க மனமில்லாதிருந்தனர் தில்லித் தலைவர்.

வடவெல்லைச் சிக்கலின் வேர் ஒரு மாவட்டப் பிரிவினையில் உள்ளது. 1911-இல் ஆங்கில அரசு வடஆர்க்காட்டு மாவட்டத்தின் வடபகுதியையும் கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளி, வாயல்பாடு முதலிய பகுதிகளையும் இணைத்துச் சித்தூர் மாவட்டம் என ஒன்றை அமைத்தது. வரி தண்டுவதற்கும் அலுவலர் சுற்றுப்பயணத்திற்கும் வாய்ப்பாகக் கோடு கிழிக்கப்பட்டதேயன்றி, அங்கு எவர் எம்மொழி பேசினார் என்று யாரும் வினவவில்லை. மேற்கே முற்றிலும் தெலுங்கு வழங்கும் மேட்டுநிலம். கிழக்கே தமிழ் வழங்கும் தணிகை. இடையே இருமொழியும் கலந்த ஊர்கள். நாற்பத்திரண்டு ஆண்டுகட்குப் பின், மாவட்டம் முழுமையும் தெலுங்கர்க்கே என்னும் வழக்கிற்கு அலுவலகத்துக் கோடே சான்றாயிற்று.

தமிழாசிரியராகிய எமக்கு இங்கு ஒரு பெருமை உண்டு. அதை விடாமல் குறிக்கிறேன். அரக்கோணத்தை அடுத்த புளியமங்கலத்து மங்கலங்கிழார் ஒரு தமிழாசிரியர். கட்சித்தலைவர் எவரும் இப்பகுதியை எண்ணியும் பாராத காலத்தில், ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்தும் தமிழ்க் கழகங்கள் அமைத்தும் வடவெல்லைத் தமிழரை விழிப்புறச் செய்தவர் அவரே. ம.பொ.சி.யாரை இப் போராட்டத்திற்கு அழைத்தவரும் அவரே. 1947 ஆகத்தில், நாடு விடுதலைக் களிப்பில் திளைத்திருக்கையில், ம.பொ.சி.யார் தொண்டரோடு திருப்பதிக்குச் சென்று வேங்கடம் தமிழர்க்குரியது என முழங்கினார். அங்கு எதிர்ப்பையும் கண்டார். வேங்கடத்தை வடவெல்லையாகச் சொன்ன தொல்காப்பியப் பாயிரத்தைப் பள்ளிப் பாடமாக நெட்டுருச் செய்தவர் எத்தனையோ ஆயிரவர். அப் பாயிரத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு வேங்கடத்தடியில் போய் நின்றவரோ, ஓர் அச்சுக்கோப்பாளரும் ஒரு பள்ளியாசிரியரும். மங்கலங்கிழார் 1953-இலேயே மறைந்தார். தணிகை மீண்டதை அவர் காணவில்லை.

1952 அக்தோபர் 19-இல் பொட்டி சிறீராமுலு ஆந்திர மாநிலம் கோரிச் சென்னையில் உண்ணாநோன்பு தொடங்கி, திசம்பர் 15-இல் உயிர்நீத்தார். தம் மொழிக்கும் மக்கட்கும் உயிர்கொடுத்த அவரை நாம் மதித்தலே முறை; தெலுங்கர் தம் நாட்டைக் கேட்டது பிழையன்று. ஆனால், அதனோடு சேர்த்துச் சென்னையையும் கேட்டதுதான் பிழை. நான்கு நாள் கழித்து, வழக்கற்ற தெலுங்கு மாவட்டங்களைக் கொண்டு ஆந்திர மாநிலம் அமையும் எனத் தலைமையமைச்சர் நேரு அறிவித்தார். புதிய அரசின் தலைமையிடம் சிறிது காலத்திற்குச் சென்னையிலேயே இருக்கலாம் என்னும் கருத்து நடுவர் வாஞ்சுவின் அறிக்கையில் எழுந்தது. சிறிது காலம் என்று வந்து அமர்ந்த அரசு எழுந்து போகுமா? தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம் என்னும் முழக்கம் அப்போது பிறந்தது. மாநகராட்சி மன்றத்திலும் தெருவிலும் ம.பொ.சி.யார் அதை முழக்கினார். முதலமைச்சர் இராசாசியும் இதில் உறுதியாக நின்றார் என்பதை மறைப்பது வரலாற்றுக்குத் தகாது. 1953 மார்ச்சு 25-இல், ஆந்திரத்தின் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் என நேரு நாடாளுமன்றத்தில் அறிவித்தார். சென்னை பிழைத்தது.

சென்னை பிழைத்த மகிழ்ச்சியில் தணிகையைப் பலர் மறந்தனர். சித்தூர் மாவட்டம் முழுமையும் ஆந்திரத்தோடு போவதற்குச் சட்டம் ஆயத்தமாயிற்று. வழக்கற்ற மாவட்டங்கள் என்று சொன்ன வாய், வழக்குள்ள மாவட்டத்தையே முழுதாக எடுத்துக் கொடுத்தது. 1953 சூலை 3-ஆம் நாள் ம.பொ.சி.யார் தடையை மீறித் திருத்தணியில் போராட வந்து தளைப்பட்டார். திருத்தணி விநாயகம் முதலான தொண்டர் பலரும் சிறை புகுந்தனர். சென்னையினின்று மும்பை செல்லும் தொடர்வண்டிப் பாதை தணிகை வழியே செல்வதாகலின், வண்டி மறியல் இப் போராட்டத்தில் பெரிதும் இடம்பெற்றது. கடைகள் அடைத்தனர், மாணாக்கர் வகுப்பை விட்டனர். எல்லைப் போராட்டத்தில் இருவர் சிறையிலேயே உயிர்நீத்தனர்.

போராட்டத்தின் முதற்பயன், எல்லைச் சிக்கல் பின்னர் ஆராயப்படும் என்னும் உறுதிமொழியே. உறுதிமொழி ஆண்டுக்கணக்கில் தூங்கிற்று. பின்னர் இரு மாநில அரசும் ஒப்பி, எச்.வி.படாசுகரை நடுவராக ஏற்றன. அவர் வகுத்த முறையை நாம் நுணுகிப் பார்த்தல் வேண்டும். ஏனெனின் அம் முறைதான் தணிகையை மீட்டது. மாவட்டத்தையோ வட்டத்தையோ அளவாகக் கொள்ளாமல், ஒவ்வோர் ஊரையும் தனித்தனி அளவாகக் கொள்வது ஒன்று. அவ்வூரில் எம்மொழியாளர் மிகுதி என்று மக்கட் கணக்கினின்று காண்பது மற்றொன்று. மிகுதியாயினும், அம் மொழி வழங்கும் நிலத்தோடு அவ்வூர் இடையறவின்றித் தொடர்ந்திருக்க வேண்டுமென்பது பிறிதொன்று. 1911-இன் கோட்டை வைத்து வழக்காடிய வரை நமக்குத் தோல்வியே. ஊர்க்கணக்கு வந்தவுடன், தணிகை வட்டத்து ஊர்கள் தம்மைத் தாமே தமிழூர் என்று சொல்லிவிட்டன. படாசுகர் முறையே பின்னாளில் மராத்திய-கன்னட எல்லை வழக்கிலும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது.

1959-இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறியது. 1960 ஏப்பிரல் முதல்நாள் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் உள்ளிட்ட 300-க்கு மேற்பட்ட ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. மாற்றாக, பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களினின்றும் சேலம் மாவட்டத்தினின்றும் 150 அளவான ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. சத்தியவேடு அவற்றுள் முதன்மையானது. திருப்பதி கிட்டவில்லை, சித்தூர் கிட்டவில்லை, புத்தூரும் நகரியும் கிட்டவில்லை. கேட்டதில் ஒரு பகுதியே வந்தது. ஆயினும், அந்த ஒரு பகுதியும் ஒருவர் கேளாதிருந்தால் வந்திராது என்பதற்குத் தெற்கே தேவிகுளமும் பீருமேடும் சான்று. உரியவாறு உரத்துக் கேட்பார் அங்குக் குறைந்தமையால், 1956-இல் அவை கேரளத்தோடு போயின. கன்னியாகுமரிப் பகுதியில் நேசமணியார் தலைமையில் மக்கள் எழுந்தனர், அப்பகுதி வந்தது.

இனி, நம்மவர் அவர்மேற் சாற்றும் குற்றங்களுக்கு வருகிறேன்.

1953-இல் இராசாசி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை ம.பொ.சி.யார் ஆதரித்தார். பள்ளியில் அரைநாள், தந்தை தொழிலில் அரைநாள் என்ற அத் திட்டம் குலத்தொழிலைக் குழந்தை தலையில் ஏற்றுவதாகும் என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் காமராசர் அதனைக் கைவிட்டார். அவ் ஆதரவு தவறு. வறுமையால் மூன்றாம் வகுப்பில் நின்றுபோன ஒருவர், பிறர் குழந்தைகட்கு முழுநாட் பள்ளியை வேண்டியிருக்க வேண்டும். எல்லைப் போராட்டத்தில் இராசாசி துணை நின்றமையால் எழுந்த நன்றியுணர்வு அவர் கண்ணை மறைத்ததென்றே யான் கருதுகிறேன். நன்றிக்காகக் கொள்கையை விடுவது தலைவர்க்கு அழகன்று. அவரும் அதற்கு விலை கொடுத்தார். மக்களிடையே செல்வாக்குக் குறைந்தது. 1954-இல் பேராயக் கட்சியினின்றும் வெளியேற நேர்ந்தது.

அவர் நடை கலப்புநடை என்பது மற்றொரு குற்றம். அவர் நூல்களைப் படித்தோர் அதை மறுக்க முடியாது. ஆனால் அவர் எதை எழுதினார் என்று பார்க்க வேண்டாவா? வ.உ.சிதம்பரனாரைக் 'கப்பலோட்டிய தமிழன்' என்று நாடறியச் செய்தவர் அவர். கட்டபொம்மனைக் கொள்ளையன் என்று வெள்ளையர் எழுதிவைத்த வரலாற்றைத் திருத்தப் புறப்பட்டவர் அவர். வள்ளலாரைப் பற்றி அவர் எழுதிய நூலுக்கு 1966-இல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. ஆங்கில வழிக் கல்வியைச் சாடி 'ஆங்கிலம் வளர்த்த மூடநம்பிக்கை' என்றொரு நூலே எழுதினார். தனித்தமிழில் கையொப்பமிட்டுவிட்டுத் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பும் அன்பர் நம்மிடையே இல்லையா? அவர் சொல்லில் வடமொழி கலந்திருந்தது. நம்மவர் சிலர் வீட்டில் ஆங்கிலம் கலந்திருக்கிறது. எது பெரிய கலப்பென்று அவரவர் நெஞ்சைக் கேட்கட்டும்.

அவர் இந்திய ஒன்றியத்துக்குட்பட்ட தன்னுரிமை கேட்டார். பிரிந்த நாடு கேட்கவில்லை. இதில் எனக்கும் அவர்க்கும் உள்ள வேறுபாட்டை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. நாட்டின் பெயர் பற்றிய போராட்டத்தில் அவர் நம்மோடு நின்றார். விருதுநகர்ச் சங்கரலிங்கனார் 1956-இல் உயிர்கொடுத்துக் கேட்ட பெயரை, 1967 சூலை 18-இல் சட்டமன்றம் ஏற்றபோது, தியாகராயநகர் உறுப்பினராக அவர் அவையில் இருந்து அதனை ஆதரித்தார். 1969 சனவரி 14 முதல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. திராவிட இயக்கத்தை அத்துணைக் காலம் எதிர்த்தவர், பெயருக்காக அண்ணாவோடு ஓரவையில் கைகோத்தார் எனின், அவர்க்கு எது முதன்மை என்பது விளங்கும்.

1978 முதல் மேலவைத் தலைவர். மேலவை கலைக்கப்பட்ட நாள் 1986 நவம்பர் முதல்நாள். மொழிவழி மாநிலங்கள் அமைந்ததும் ஒரு நவம்பர் முதல்நாளே. முப்பது ஆண்டு இடைவெளியில் அந்நாள் அவர்க்கு ஒருமுறை நாட்டை ஈந்து, மறுமுறை நாற்காலியை எடுத்துக்கொண்டது. நாற்காலி போனதற்காக அவர் வருந்தி உட்கார்ந்துவிடவில்லை. ஓய்விலும் எழுதியும் பேசியும் வந்தார்.

இனித் தணிகைக்கு வருவோம். இவ்வூரில் 1888-இல் பிறந்தவர் இராதாகிருட்டிணன். அவர் பிறந்தநாளை நாடு முழுமையும் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறது. அன்று பள்ளிகளில் அவர் படத்திற்கு மாலை விழுவதும் முறையே. அவர் தெலுங்குக் குடும்பத்தவர் என்பதால் அவரை நாம் விலக்க வேண்டுவதில்லை. தணிகையிலும் பள்ளிப்பட்டிலும் தெலுங்கு பேசுவோர் நம்மோடு பல தலைமுறையாக வாழ்கின்றனர். எல்லைக்கு அப்பால் நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் தமிழர் வாழ்கின்றனர். ஊரை அளவாகக் கொண்டு கிழித்த கோடாயினும், ஊருக்குள் வாழும் வீடுகளைக் கோடு பிரிக்காது. நம் பக்கத்துத் தெலுங்குக் குழந்தைக்குத் தாய்மொழி கற்கும் உரிமையை நாம் மறுத்தால், அப்பக்கத்துத் தமிழ்க் குழந்தைக்காக வாய்திறக்கும் தகுதி நமக்கு எங்கிருந்து வரும்? இதனை நம் கூட்டங்களில் சொல்லுந்தோறும் சிலர்க்குப் பிடிப்பதில்லை. பிடிக்காவிடினும் சொல்ல வேண்டியதே.

யான் கேட்பது இவ்வளவே: இராதாகிருட்டிணனுக்கு மாலையிடும் பள்ளிகள், அவர் பிறந்த ஊரைத் தமிழ்நாட்டிற்கு மீட்டுத் தந்தவரையும் ஆண்டில் ஒருநாள் நினைவுகூரட்டும். 2021-இல் தமிழ்நாட்டு அரசு சூலை 18-ஐத் தமிழ்நாடு நாள் என அறிவித்தது; நவம்பர் முதல்நாளை எல்லைப் போராட்ட ஈகியர் நாளாகக் கொண்டது. எல்லைக் காவலர்க்கு மாத உதவித்தொகையும் அரசு வழங்குகிறது. தணிகைக்கென்று ஏப்பிரல் முதல்நாள் ஒன்று உண்டே! அந்நாள் முட்டாள்கள் நாள் என்று நம் பிள்ளைகட்குத் தெரிகிறது. ஊர் மீண்ட நாள் என்று தெரியவில்லை. மலைப்படிகள் 365 என்பர், ஆண்டின் நாளுக்கொரு படியாக. ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளை அலுவலரைக் கண்டு வணங்கச் சென்ற கூட்டத்தைத் திருப்பி, அப் படிகளின்மேல் திருப்புகழ் பாடி ஏறச் செய்தவர் வள்ளிமலை அடிகளார். அவ்வழக்கம் இன்றும் நிலைத்து நிற்கிறது. ஒருவர் முயன்றால் ஒரு நாளின் பொருளை மாற்றலாம் என்பதற்குத் தணிகை மலையே சான்றாக இருக்க, ஏப்பிரல் முதல்நாளை மட்டும் ஏன் விட்டுவைத்திருக்கிறோம்?

காலம் கடந்துகொண்டிருக்கிறது. 1953-இல் பதினெட்டு அகவையில் மறியலுக்கு வந்தவர் இன்று தொண்ணூறை எட்டியிருப்பார். அவருள் எஞ்சியோர் ஊருக்கு ஒருவரோ இருவரோ. தணிகை, பள்ளிப்பட்டு, அரக்கோணம், திருவாலங்காடு பகுதிகளிலுள்ள நம் அன்பர்கள், வரும் மாதத்திற்குள் அத்தகையோரைத் தேடிக் கண்டு, எந்நாளில் எவ்விடத்தில் தளைப்பட்டனர், எச்சிறையில் எத்தனை நாள் இருந்தனர், உடனிருந்தோர் யாவர் என்பவற்றை அவர்கள் வாய்மொழியாகவே எழுதி வாங்குக. பழைய 'செங்கோல்' இதழ்கள், துண்டறிக்கைகள், மங்கலங்கிழாரின் நூற்படிகள் எவர் வீட்டுப் பரணில் கிடப்பினும் எடுத்துப் படியெடுத்தபின், மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுக. எழுதுவோர் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, சொன்னவரின் ஊரும் அகவையும் தவறாமற் குறித்து, இதழ் முகவரிக்கு அனுப்புக.